குட்டி விளக்கு, முழு மின்சாரம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்தவக் குடும்பங்களில் அலமாரியின் மேலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டி கீழே இறங்கும். உள்ளே பிளாஸ்டிக் மரம், ஜிகினாச் சரங்கள், குடிலுக்கான பொம்மைகள். அவற்றுக்கெல்லாம் அடியில், சிக்கலாய்ச் சுருண்டு கிடக்கும் குட்டி விளக்குச் சரம். பொறுமையாகச் சிக்கெடுத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினால் ஒரு விளக்கும் எரியாது. போன வருடம் நன்றாகத்தானே எரிந்தது என்று வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். சிலர் அந்தச் சரத்தை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பாசார் மாலாமில் புதிதாக ஒன்று வாங்கிவருவார்கள். வேறு சிலர் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பார்கள். முதலாவது வீண் செலவு. இரண்டாவது உயிரோடு விளையாட்டு.

தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் இந்நாட்டு வீடுகளில் ஏற்றப்படுவது இதே வகை விளக்குகள்தாம். மலாய்க்காரர்கள் 'லிப்-லாப்' விளக்கு என்பார்கள். பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போலிருப்பதால் இதை யாரும் மின்சாதனமாக நினைப்பதில்லை. பல்பின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் டார்ச் விளக்கைப் போல ஆபத்தில்லாதது என்றே தோன்றும். ஆனால் சுவரில் நேரடியாகச் செருகப்படும் சரத்தில் ஓடுவது, குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் செல்கின்ற அதே 230 வோல்ட் மின்சாரம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பதும் எளிது. பாதுகாப்பும் தானாக வந்துவிடும்.

மெழுகுவத்தியிலிருந்து மின்விளக்குக்கு

ஒரு காலத்தில் கிறிஸ்மஸ் மரத்தில் உண்மையான மெழுகுவத்திகளையே ஏற்றி வைத்தார்கள். காய்ந்த மரமும் திறந்த சுடரும் அருகருகே இருந்ததால் தீ விபத்து என்பது ஒவ்வோர் ஆண்டும் இருந்த பயம். 1882-ஆம் ஆண்டு டிசம்பரில் எடிசனின் சகாவான எட்வர்ட் ஜான்சன் என்பவர், நியூயார்க்கிலுள்ள தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளைக் கட்டி எரியவிட்டார். மின்சாரத்தால் ஒளியூட்டப்பட்ட முதல் கிறிஸ்மஸ் மரம் என்று அதையே குறிப்பிடுகிறார்கள். திறந்த சுடர் அன்றோடு விடைபெறத் தொடங்கியது. மின்சாரத்தை அலட்சியமாகக் கையாண்டால் அதே தீப் பயம் வேறு வழியில் வீட்டுக்குள் திரும்பிவிடும்.

பெயரிலேயே இருக்கும் இரகசியம்

தமிழ்நாட்டில் இந்தச் சரத்தைச் 'சீரியல் செட்' என்பார்கள். பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பாதையில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதே அதன் பொருள். தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் பேட்டரியும் பல்பும் வைத்துச் செய்து பார்க்கும் தொடர் மின்சுற்று இதுதான். சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதல் பல்புக்குள் புகுந்து, அதைக் கடந்து இரண்டாவது பல்புக்குப் போய், இப்படியே கடைசிப் பல்பு வரை சென்றுதான் திரும்பி வர வேண்டும்.

இப்படிப் போகும்போது மொத்த வோல்ட்டும் பல்புகளுக்கிடையே பங்கு பிரிக்கப்படுகிறது. கணக்குக்கு எளிதாக 240 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 20 பல்பு உள்ள சரத்தில் ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் கிடைக்கும். 40 பல்பு என்றால் தலைக்கு 6 வோல்ட். 80 பல்பு என்றால் 3 வோல்ட். ஆகவே, பல்பின் மேல் எழுதியிருக்கும் எண் அந்த ஒரு பல்பின் பங்கு மட்டுமே. சரத்தின் மொத்த வோல்ட் அதுவல்ல.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒரே பாதை என்றால் ஒரு பல்பு போனதும் எல்லாமே அணைந்துவிட வேண்டுமே, சில சமயம் ஒன்று மட்டும் இருண்டு மற்றவை எரிகின்றனவே, அது எப்படி?

அதற்குக் காரணம் பல்புக்குள் இருக்கும் ஒரு சின்ன ஏற்பாடு. மின்னிழைக்குக் கீழே, அதைத் தாங்கும் இரண்டு கம்பிகளையும் சுற்றி மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதன் மேல் மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு பூச்சு உண்டு. சாதாரண நேரத்தில் அந்தக் கம்பிக்கு வேலையில்லை. இழை அறுந்ததும் சரத்தில் ஓட்டம் நின்று, பங்கு பிரிந்திருந்த வோல்ட் முழுவதும் அறுந்த அந்த ஒரு பல்பின் மேல் வந்து விழுகிறது. அந்த வேகத்தில் பூச்சு உடைந்து, மெல்லிய கம்பி பாலம்போல் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. செத்த பல்பு இருளாக இருக்க, மற்றவை எரிகின்றன.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 20 பேர் சுமந்த பாரத்தை இனி 19 பேர் சுமக்க வேண்டும். ஒவ்வொரு பல்புக்கும் 12-க்குப் பதில் 12.6 வோல்ட் போகும். ஐந்து விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் இழை பல்புகளுக்கு ஐந்து விழுக்காடு கூடினாலே ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நான்கு பல்பு போய்விட்டால் எஞ்சியவற்றுக்குத் தலைக்கு 15 வோல்ட். சரம் முன்பைவிடப் பளிச்சென்று எரிவதைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்திருப்பார்கள். உண்மையில் அது சூடேறி, மடமடவென்று எல்லாம் போகப்போவதற்கான அறிகுறி. ஒரு பல்பு போனவுடனேயே மாற்றிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

வெறும் ஹோல்டரில் ஒளிந்திருப்பது

இனிமேல் சொல்வதுதான் மிக முக்கியமானது. எரியாத சரத்திலிருந்து ஒரு பல்பைப் பிடுங்கினால், ஹோல்டருக்குள் இரண்டு சின்ன உலோகத் தகடுகள் தெரியும். பிளக் செருகியபடி இருந்து, சரத்தில் வேறெங்கும் துண்டிப்பு இல்லையென்றால், அந்த இரண்டு தகடுகளுக்கும் இடையே இருப்பது 12 வோல்ட் அல்ல. முழு 230 வோல்ட். அறுந்த பல்பின் மேல் முழு வோல்ட்டும் வந்து விழுகிறது என்று மேலே சொன்ன அதே காரணம்தான். பல்பு இருந்த இடத்தில் இப்போது விரல் இருந்தால், அத்தனையும் விரலின் மேல் வரும்.

வீட்டில் மின்கசிவுத் தடுப்புச் சாதனம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். அந்தச் சாதனம் மின்சாரம் உடல் வழியாகத் தரைக்குக் கசியும்போதுதான் வெட்டும். ஒரே விரல் இரண்டு தகடுகளையும் தொட்டால், ஒன்றில் புகுந்த மின்சாரம் மற்றொன்று வழியாகத் திரும்பிவிடுகிறது. கசிவு என்று சொல்ல எதுவுமில்லை. சாதனம் அந்த விரலையும் ஒரு பல்பாகவே நினைத்துக்கொள்ளும்.

ஜிகினாச் சரமும் இப்படித்தான். பளபளக்கும் உலோக இழை ஒன்று வெறும் ஹோல்டருக்குள் விழுந்தால் பொறி பறக்கும். ஆகவே பல்பில்லாத ஹோல்டரோடு சரத்தை மரத்தில் போடக்கூடாது. செத்த பல்பாக இருந்தாலும் மாற்றுப் பல்பு கிடைக்கும்வரை அதை அங்கேயே விட்டு வைப்பது நல்லது. உலோகத்தாலான மரத்தில் இவ்வகை விளக்குகளைக் கட்டவே கூடாது.

பழுது தேடும் முறை

முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் மேசையின் மேல், கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைத் தட்டினாலும் ஆபத்தில்லை.

இரண்டாவதாக, சரத்தைக் காய்ந்த மேசையில் நீளமாகப் பரப்பி, பகல் வெளிச்சத்தில் வயரைப் பார்க்க வேண்டும். எலி கடித்த தடம், உறை வெடித்து உள்ளே செம்பு தெரியும் இடம், உருகிய ஹோல்டர், கரிப்படிந்த பிளக், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அத்துடன் வேலை முடிந்தது. அந்தச் சரம் குப்பைக்குத்தான். செலோடேப் சுற்றி ஒட்டவைத்த வயர் மரத்தில் ஏறக்கூடாது.

வயர் நன்றாக இருந்தால் மூன்றாவது கட்டம். ஒவ்வொரு பல்பையும் மெல்ல உள்ளே அழுத்திப் பார்க்க வேண்டும். முழுச் சரமும் இருண்டு போவதற்கு, தளர்ந்துபோன ஒரே ஒரு பல்பு பல நேரங்களில் காரணமாக இருக்கும். பல்பு தளர்ந்துவிட்டால் மின்சாரம் அதற்குள்ளேயே போகாது. பிறகு உள்ளே இருக்கும் பாலக் கம்பியால் என்ன பயன்?

அழுத்தியும் பயனில்லை என்றால் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உள்ளே கறுத்திருந்தால் இழை தேய்ந்து முடிந்துவிட்டது. பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. சந்தேகப்படும் பல்பை வெளியே எடுத்து, அடியிலுள்ள இரண்டு மெல்லிய கம்பிகளைப் பார்க்க வேண்டும். அவை பிளாஸ்டிக் அடிப்பாகத்தின் இரு பக்கமும் மேல்நோக்கி மடிந்து, ஹோல்டரின் தகடுகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று நழுவியிருந்தால் நகத்தால் நேராக்கி மடித்துவிட்டாலே போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரத்தில் இந்தக் கம்பிகளும் தகடுகளும் பச்சை பூத்துவிடுவதுண்டு. காய்ந்த துணியால் கம்பியைத் துடைத்தால் சில சரங்கள் உயிர்பெறும்.

அப்போதும் எரியவில்லையென்றால், நன்றாக எரிகிறது என்று தெரிந்த ஒரு பல்பை எடுத்து, முதல் ஹோல்டரிலிருந்து வரிசையாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி, மாற்றி, பிறகு செருக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் 20 பல்பு உள்ள சரத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட விரைவான வழி உண்டு. பெட்டி எதுவும் இடையில் இல்லாத, ஒரே தொடராகப் போகும் இழை பல்புச் சரத்துக்கு இது பொருந்தும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைக்க வேண்டும். சரத்தின் நடுவிலுள்ள பல்பை எடுத்துவிட்டு, பிளக்கின் ஒரு காலுக்கும் அந்தப் பக்கத்து ஹோல்டர் தகட்டுக்கும் இடையே அளக்க வேண்டும். எண் காட்டினால் அந்தப் பாதி நலம், கோளாறு மறுபாதியில். எண் காட்டாவிட்டால் கோளாறு இந்தப் பாதியில். பிறகு கோளாறுள்ள பாதியை மீண்டும் பாதியாக்க வேண்டும். 40 பல்பு உள்ள சரத்திலும் ஆறு முறைக்குள் செத்த பல்பு அகப்பட்டுவிடும்.

புதிய பல்பு பழையதைப் போலவே அதே வோல்ட், அதே வகையாக இருக்க வேண்டும். வேறு சரத்தின் பல்பைச் செருகினால் ஒன்று அது மங்கலாக எரியும், அல்லது அளவுக்கு மீறிச் சூடாகி விரைவில் போய்விடும். பெட்டியோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் இருக்கும் மாற்றுப் பல்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

சிறப்புப் பல்புகள் இரண்டு

சில சரங்களில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட பல்பு ஒன்றிரண்டு இருக்கும். நுனியில் சிவப்புச் சாயம் பூசியது மினுக்கும் பல்பு. அதற்குள் இரு வேறு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கிறது. சூடானதும் ஓர் உலோகம் மற்றதைவிடக் கூடுதலாக விரிவதால் தகடு வளைந்து தொடர்பு விடுகிறது. ஆறியதும் மறுபடி தொடுகிறது. பாதை ஒன்றே என்பதால் அந்த ஒரு பல்பு முழுத் தொடரையும் அணைத்து அணைத்து எரியவைக்கிறது.

மற்றொன்று பியூஸ் பல்பு. பெரும்பாலும் வெள்ளை நுனியோ, வேறு நிற அடிப்பாகமோ அதன் அடையாளம். அதில் பாலக் கம்பி கிடையாது. பல பல்புகள் செத்து, மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது இது முதலில் அறுந்து சரத்தை நிறுத்திவிடும். அதன் இடத்தில் சாதாரணப் பல்பைச் செருகினாலும் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை அது. பியூஸ் பல்பின் இடத்தில் பியூஸ் பல்புதான் இருக்க வேண்டும். ஹோல்டரில் வெள்ளித் தாளைத் திணித்து எரியவைக்கும் பழக்கமும் அடியோடு ஒழிய வேண்டும்.

எல்இடி என்றால் பயமில்லையா?

இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எல்இடி சரங்கள். அவை மின்சாரத்தைச் சேமிக்கின்றன என்பதில் ஐயமில்லை. 40 வாட் இழை பல்புச் சரத்தை நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 30 நாள் எரித்தால் 7.2 யூனிட் ஆகும். 5 வாட் எல்இடி சரத்துக்கு 0.9 யூனிட்தான். சூடும் மிகக் குறைவு.

ஆனால் எல்இடி என்றாலே குறைந்த வோல்ட் என்று எண்ணுவது தவறு. சுவரில் நேரடியாகச் செருகும் எல்இடி சரங்களிலும் விளக்குகள் தொடராகவே இணைக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளை, நீல விளக்குக்கு 3 வோல்ட், சிவப்புக்கு 2 வோல்ட் என்று பங்கு பிரிகிறதே தவிர, வயரில் இருப்பது அதே 230 வோல்ட்தான். வயரின் இடையே பொத்தானுடன் இருக்கும் சின்னப் பெட்டியைப் பார்த்து, அதுவே மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது விளக்குகளை எட்டு விதமாக மினுக்கவைக்கும் பெட்டி மட்டுமே.

உண்மையிலேயே குறைந்த வோல்ட் சரத்தை அடையாளம் காண, பிளக்கோடு இருக்கும் அடாப்டரைப் பார்க்க வேண்டும். 'அவுட்புட்' என்ற சொல்லுக்கு எதிரே 24 வோல்ட், 31 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 5 வோல்ட் யுஎஸ்பி சரங்களும் பேட்டரிச் சரங்களும் இந்த வகையே. குழந்தைகள் உள்ள வீட்டுக்கும், மழைச் சாரல் படும் வாசலுக்கும், இரும்பு கேட்டுக்கும் இவையே ஏற்றவை. வெளியே மாட்டுவதென்றால் அடாப்டர் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். சரத்தில் ஐபி44 என்ற குறியீடாவது இருக்க வேண்டும். பொத்தான் பேட்டரி உள்ள விளக்குகளில் மட்டும் வேறொரு கவனம் தேவை. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். திருகாணி போட்டு மூடிய பெட்டி உள்ளதையே வாங்க வேண்டும்.

எல்இடி சரத்தில் விளக்குகள் பெரும்பாலும் ஒட்டி மூடப்பட்டிருக்கும். அவற்றை வெட்டித் திறந்து வீட்டில் பழுது பார்ப்பது உகந்ததல்ல. கழற்றக்கூடிய விளக்காக இருந்தால், அதற்குத் திசை உண்டு என்பதை மறக்கக்கூடாது. திருப்பிச் செருகினால் எரியாது.

பேனா முனையில் ஆபத்து

விளக்குச் சரத்தைவிட அதைச் செருகும் விதத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. மலிவான சரங்கள் இரண்டு கால் பிளக்குடன் வருகின்றன. வீட்டுச் சுவரிலோ மூன்று துளை. மேல் துளையில் பேனாவையோ திருப்புளியையோ குத்தி, கீழ்த் துளைகளின் மூடியைத் திறந்து, இரண்டு காலையும் அழுத்திச் செருகுவது பல வீடுகளில் சர்வசாதாரணம்.

மூன்று கால் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. இரண்டு கால் பிளக்கில் அது இல்லை. அப்படிச் செருகிய சரத்துக்கும் மின்பெட்டிக்கும் இடையே இருக்கும் அடுத்த காவல் 20 ஆம்பியர் அளவுள்ள சர்க்கிட் பிரேக்கர். ஒரு குட்டி விளக்குச் சரத்துக்குத் தேவையோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆம்பியர். வயர் எங்காவது நசுங்கிச் சூடேறினால், 20 ஆம்பியர் ஆகி பிரேக்கர் விழுவதற்கு முன் நூல்போன்ற அந்த வயர் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் திரைச்சீலையும் பிளாஸ்டிக் மரமும் பரிசுப் பொட்டலங்களும் இருக்கும்.

இதைத் தவிர்க்க, பியூஸ் உள்ள அடாப்டரையோ மூன்று கால் பிளக்கையோ பயன்படுத்த வேண்டும். அதிலும் பழுப்பு நிற 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு, சிவப்பு நிற 3 ஆம்பியர் பியூஸைப் போட வேண்டும். வாங்கும்போது மலேசியாவில் சிரிம் முத்திரை உள்ள பிளக்கையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரை உள்ள சரத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. கொண்டாட்டம் முடிந்ததும் சரத்தை உருண்டையாகச் சுருட்டாமல், ஓர் அட்டைத் துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னில் மூடி வைத்தால் அடுத்த ஆண்டு சிக்கலும் இல்லை, ஈரமும் அண்டாது.

புறப்படும் முன்

கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு குடும்பமே நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்பும். திரும்பி வரும்போது வீடு ஒளியோடு வரவேற்கட்டும் என்று மரத்து விளக்கை எரியவிட்டுப் போவது பலருக்குப் பிடித்தமானது. ஆளில்லாத வீட்டில் இரண்டு, மூன்று மணி நேரம் எரியும் அந்தச் சரத்தில் ஏதேனும் நடந்தால் பார்ப்பதற்கு யாருமில்லை. மறுநாள் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் சின்னப் பிள்ளைகளோ, நேராக மரத்திடம்தான் ஓடுவார்கள். அவர்கள் கைக்கு முதலில் எட்டுவதும் அந்தக் குட்டி விளக்குத்தான்.

செத்த பல்பை அன்றே மாற்றுவது, வெறும் ஹோல்டரை விடாதிருப்பது, வீட்டை விட்டுப் போகும்போதும் படுக்கப் போகும்போதும் பிளக்கைக் கழற்றுவது. இந்த மூன்றுக்கும் செலவு எதுவும் இல்லை. தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து, எல்லோரும் சுற்றி நிற்க, பிள்ளை ஒன்று பெரியவர் துணையோடு சுவிட்சைத் தட்டி மரத்தை ஒளிரச் செய்தால், அந்த வீட்டுக் கிறிஸ்மஸ் அங்கேயே தொடங்கிவிடும்.